நுரையீரல் புற்றுநோய்: ஊசி பயாப்சியில் எடுத்த திசு மரபணுப் பரிசோதனைக்குப் போதாமல் போவது ஏன்?

நுரையீரல் கட்டியிலிருந்து ஊசி வழியாக எடுக்கப்படும் திசு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இராது. அது புற்றுநோயா, எந்த வகை, எந்த மரபணு மாற்றம் உள்ளது, நோயெதிர்ப்புச் சிகிச்சை பலன் தருமா எனக் கணிக்க உதவும் பி.டி.-எல்1 புரதம் எவ்வளவு என்று எல்லாக் கேள்விகளுக்கும் அந்தத் துணுக்கே விடை தர வேண்டும். அப்படியிருந்தும், முதல் கேள்விக்கு விடை கிடைத்ததும் திசுவைப் பற்றிய அக்கறை குறைந்துவிடுகிறது.

பயாப்சிக்கான கோரிக்கைப் படிவத்தில் ‘புற்றுநோயா எனப் பார்க்கவும்’ என்று மட்டும் எழுதுவதிலேயே முதல் தவறு நடந்துவிடுகிறது. மரபணுப் பரிசோதனையும் தேவைப்படும் என்பது தெரிந்தால்தான் ஊசி செலுத்தும் மருத்துவர் கூடுதல் துணுக்குகளை எடுப்பார். சி.டி. ஸ்கேன் வழிகாட்டுதலில் வெளிக்குழாய் ஊசியை (உள்ளே நிலையாக இருக்கும் ஒரு குழாய் வழியே ஊசி திரும்பத் திரும்பச் செல்லும்) பயன்படுத்தினால், நுரையீரல் உறையை ஒருமுறை மட்டும் துளைத்துப் பல துணுக்குகளை எடுக்க முடியும். பெரிய கட்டியின் நடுப்பகுதி பல நேரங்களில் அழுகிப்போய் இறந்த செல்களால் நிறைந்திருக்கும் என்பதால், குறி ஓரப்பகுதியாக இருப்பதே நல்லது. மூச்சுக்குழாய் வழியே அல்ட்ராசவுண்ட் உதவியுடன் நிணநீர்க்கணுவிலிருந்து செல்களை உறிஞ்சி எடுக்கும்போது, அங்கேயே ஒரு ஸ்லைடைச் சாயமேற்றிப் பார்ப்பது பயனுள்ளது. ஆனால் கிடைத்தவற்றையெல்லாம் ஸ்லைடுகளிலேயே பூசித் தீர்த்துவிடாமல், ஒரு பங்கைச் செல் பிளாக்குக்கு (செல்களைத் திரட்டிப் பதிக்கும் மெழுகுப் பாளம்) ஒதுக்கிவிட வேண்டும்.

அதிக இழப்பு நேர்வது ஆய்வகத்தில்தான் என்பது என் கருத்து. எல்லாத் துணுக்குகளையும் ஒரே பாரஃபின் பிளாக்கில் (திசுவைப் பதித்து மெல்லிய சீவல்களாக வெட்டும் மெழுகுப் பாளம்) வைத்துவிட்டால், நோயை உறுதிசெய்ய வெட்டும் ஒவ்வொரு முறையும் மொத்தத் திசுவும் சேர்ந்தே தேய்கிறது. வெட்டிய பிளாக்கைக் கழற்றி வைத்துவிட்டுச் சில நாள் கழித்து மீண்டும் கருவியில் பொருத்தும்போது, அதன் முகப்பைச் சமன்படுத்துவதற்காகவே பல சீவல்கள் வீணாகின்றன. துணுக்குகளை இரண்டு பிளாக்குகளாகப் பிரிப்பதும், சாயமேற்றாத சீவல்களை முதல் தடவையிலேயே சேர்த்து வெட்டி வைப்பதும் செலவில்லாத தீர்வுகள். அதேபோல, வகையைக் கண்டறியப் பெரும்பாலும் டி.டி.எஃப்.-1, பி40 என்ற புரதங்களைக் காட்டும் இரண்டு சாயங்களே போதுமானவையாக இருக்க, பத்துப் பன்னிரண்டு சாயங்களைப் போட்டுப் பார்ப்பது மரபணுப் பரிசோதனைக்கு உரிய திசுவை எடுத்துச் செலவழிப்பதாகும்.

பதப்படுத்துதலிலும் கவனம் வேண்டும். திசுவை உடனடியாக 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில் இட்டு, ஏறத்தாழ 6 முதல் 48 மணி நேரத்துக்குள் அடுத்த கட்டத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும்; நீண்ட நாள் ஃபார்மலினில் கிடந்தால் டி.என்.ஏ. துண்டு துண்டாகி, இல்லாத மாற்றங்களும் இருப்பதுபோலத் தோன்றக்கூடும். எலும்புக்குப் பரவிய கட்டியாக இருந்தால், சுண்ணாம்புச் சத்தை நீக்க வலுவான அமிலம் பயன்படுத்துவது டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். வேறிடத்தில் மென்திசு கிடைக்குமானால் அங்கிருந்து எடுப்பதே மேல். எலும்புதான் ஒரே வழி என்றால் டி.என்.ஏ.வை அவ்வளவாகச் சிதைக்காத ஈ.டி.டி.ஏ. கரைசலைப் பயன்படுத்தலாம்.

செல் மாதிரி என்பதாலேயே அது மரபணுப் பரிசோதனைக்கு உதவாது என்று ஒதுக்குவதும் தவறு. போதிய புற்றுச் செல்கள் இருந்தால், சாயமேற்றிய ஸ்லைடிலிருந்தே டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கலாம் என்பதை 2018இல் புதுப்பிக்கப்பட்ட சர்வதேச வழிகாட்டுதல் ஏற்றுக்கொண்டுள்ளது.

ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுவில் மாற்றம் இல்லையா, சரி, ஏ.எல்.கே. பார்ப்போம், அதுவும் இல்லையென்றால் ஆர்.ஓ.எஸ்.1 என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு போனால், ரெட், மெட், கே-ராஸ், பி-ராஃப் ஆகியவற்றின் முறை வரும்போது பிளாக்கில் ஒன்றும் மிஞ்சியிராது. பல மரபணுக்களை ஒரே ஓட்டத்தில் பார்க்கும் புதுத் தலைமுறை வரிசையாக்கம் சிறிய திசுவுக்கு ஏற்றது.

அறிக்கையை வாசிப்பதில் நேரும் தவறு நோயாளியை நேரடியாகப் பாதிக்கிறது. ‘மாற்றம் இல்லை’ என்பதும் ‘மாதிரி போதவில்லை’ என்பதும் ஒன்றல்ல. எடுத்த துணுக்கில் புற்றுச் செல்களின் பங்கு மிகக் குறைவாக இருந்தால், இருக்கும் மாற்றமும் கண்ணில் படாமல் போகலாம். ஆகவே அந்த விகிதத்தை அறிக்கையில் தேடிப் பார்க்க வேண்டும். திசு போதாதபோது இரத்த மாதிரியில் கட்டியின் டி.என்.ஏ.வைத் தேடலாம், ஆனால் அதில் ஒன்றும் தென்படாததை மட்டும் வைத்து மாற்றம் இல்லையென முடிவு கட்டக் கூடாது. பி.டி.-எல்1 முடிவு முதலில் வந்துவிட்டது என்பதற்காக, மரபணு முடிவுக்குக் காத்திராமல் நோயெதிர்ப்புச் சிகிச்சையைத் தொடங்குவதும் ஆபத்தானது: பின்னர் ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் தெரியவந்து, அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் ஓசிமெர்டினிப் மருந்தைக் கொடுக்கும்போது, கடுமையான நுரையீரல் அழற்சி ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது.