கலியாணத் திகதியும் பருக் குளிசையும்

போன ஆவணி மாதம், இரவு ஒன்பது மணி இருக்கும், மச்சாள் ஒருத்தி கோல் எடுத்தாள். சுகம் விசாரிக்கவில்லை, நேரே விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

“மச்சாள், நீர் அண்டைக்குப் போட்ட பருக் குளிசையின்ர பேர் என்ன? எனக்குத் தை மாசம் கலியாணம். இப்ப தொடங்கினால் அதுக்குள்ள முகம் கிளியர் ஆகிடுமோ?”

ஆகிவிடும்தான். ஆனால் அந்தக் குளிசையை ஏறத்தாழ ஆறு மாதம் போட வேண்டும். ஆவணியில் தொடங்கினால் தை முடியும். கடைசிக் குளிசைக்குப் பிறகும் ஒரு மாதம் கரு தங்கவே கூடாது. ஆக மாசி முடியும்வரை. எங்கள் ஊரில் கலியாணம் முடிந்து இரண்டாம் மாதமே “என்ன, ஒரு விசேஷமும் இல்லையோ” என்று ஆட்கள் தொடங்கிவிடுவார்கள். பெண் பிள்ளைகளின் பருவுக்கு வீட்டார் டொக்டரைத் தேடுவதே பெரும்பாலும் சம்பந்தம் பேசத் தொடங்கிய பிறகுதான். இந்த மருந்துக்கு அதைவிடப் பிழையான நேரம் இல்லை.

பெயர் ஐசோட்ரெட்டினோயின். விற்றமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. அமெரிக்காவில் 1982இல் விற்பனைக்கு வந்தது. தோலுக்குள் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகளைச் சுருக்கிவிடுவதுதான் இதன் வேலை. கருவில் இருக்கும் பிள்ளையின் மூளை, இதயம், முகம், காது எல்லாவற்றையும் பாதிக்கக் கூடியது. ‘கொஞ்சம்தானே போட்டேன்’ என்ற கதை இதில் செல்லாது.

நான் கணிதம் படிப்பிக்கிறவள், டொக்டர் இல்லை. 2019இல், 24 வயதில், இதைப் போட்டு முடித்தேன். பிறகு சித்தியின் மகனும் போட்டான். இரண்டு பேருடைய அனுபவத்தையும் வைத்து எழுதுகிறேன்.

முதலில், இது எல்லாப் பருவுக்கும் இல்லை. சோதனைக் காலத்தில் நெற்றியில் நாலு பரு வந்தால் அதற்குப் பூசுமருந்து போதும். எனக்கு இருந்தது வேறு சாதி: தாடையோரம் உள்ளே கல்லுப்போலக் கட்டி, தலையணையில் பட்டாலே நோ, ஆறினால் பள்ளம். அதற்கு முதலில் டொக்ஸிசைக்கிளின் என்ற அன்ரிபயோட்டிக் மூன்று மாதமும் கூடவே ஒரு கிரீமும் தந்தார்கள். டொக்ஸிசைக்கிளினை ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணித்தியாலமாவது படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நெஞ்சுக்குள் எரியும். பாலோடும் இரும்புச்சத்துக் குளிசையோடும் சேர்த்துப் போடக் கூடாது. அது சரிவராத பிறகுதான் ஐசோட்ரெட்டினோயின். மாதவிடாய் ஒழுங்கில்லாமல், தாடையில் முடியும் வளர்ந்தால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். ஓமோன் பார்க்க வேண்டி வரலாம், அதற்கு வழி வேறு.

டொக்டர் எழுதித் தரும் துண்டு இல்லாமல் வாங்காதீர்கள். நான் போடத் தொடங்கு முன்பே ரவுணில் ஒரு பாமசியில், பெயர் வேண்டாம், “எத்தனை அட்டை?” என்று மட்டும்தான் கேட்டார்கள். வயதும் கேட்கவில்லை, கலியாணம் ஆனதா என்றும் கேட்கவில்லை. லண்டனில் இருக்கும் இன்னொரு சித்தி சொல்கிறா, அங்கே 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இதைத் தொடங்க வேண்டுமென்றால் மருத்துவத் துறையினர் இரண்டு பேர் தனித்தனியே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று 2023 ஒக்ரோபரில் விதி கொண்டுவந்தார்களாம். இங்கே யாழ்ப்பாணத்தில் எங்களை நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரியாஸ்பத்திரித் தோல் கிளினிக்கில் காத்திருக்கலாம், அல்லது தோல் வைத்திய நிபுணர் ஒருவரைச் சனல் பண்ணி (நேரம் பதிந்து) பார்க்கலாம். வெளிநாட்டிலிருந்து சூட்கேசில் வரும் குளிசைகளைத் தொடவே வேண்டாம். வெள்ளையாக்கும் கிரீம்களும் அப்படித்தான், சிலவற்றில் இருக்கும் ஸ்ரிரொயிட்டே பருவைக் கிளப்பும்.

அம்மா என்னோடு உள்ளே வந்திருந்தா. டொக்டர் என்னைப் பார்த்து, “கர்ப்பமாகிறதுக்கு வாய்ப்பு இருக்கா?” என்றார். அம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “என்ன டொக்டர், இவள் கலியாணம் கட்டாத பிள்ளை” என்றா. அவர் கோபிக்கவில்லை. “வெளியில ஒரு அஞ்சு நிமிஷம் இருங்கோ அம்மா” என்று சொல்லிவிட்டு, கதவு சாத்திய பிறகு அதே கேள்வியை அப்படியே திரும்பக் கேட்டார். உங்கள் டொக்டர் அப்படிச் செய்யாவிட்டால், நீங்களே தனியாகக் கதைக்க வேண்டும் என்று கேளுங்கள். பதில் எதுவானாலும் உண்மையைச் சொல்லுங்கள். தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னிருந்து கடைசிக் குளிசைக்கு ஒரு மாதம் பின்வரை நம்பகமான கருத்தடை வேண்டும். தொடங்கு முன்னும் பிறகு மாதாமாதமும் கர்ப்பப் பரிசோதனை வேண்டும். பால் கொடுக்கும் தாய்மார் போடக் கூடாது. ஆண்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் தன் குளிசையை வீட்டில் எந்தப் பெண்ணுக்கும் கொடுக்கக் கூடாது.

சரி, அளவுக்கு வருவோம். இதுதான் எனக்குப் பிடித்த இடம். ஒரு நாளுக்கு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம் வரை. மொத்தமாக, கிலோவுக்கு 120 முதல் 150 வரை சேர வேண்டும். நான் அப்போது 52 கிலோ. 52ஐ 120ஆல் பெருக்கினால் 6,240 மில்லிகிராம். முதல் 30 நாளும் நாளுக்கு 20 மில்லிகிராம் தந்தார், அது 600. மிச்சம் 5,640, நாளுக்கு 40 மில்லிகிராமாக 141 நாள். எல்லாமாக 171 நாள். இதைச் சி.ஆர். கொப்பி ஒன்றின் கடைசிப் பக்கத்தில் எழுதி, போட்ட ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு கிழித்தேன். இந்தக் கணக்கு நீங்களாக அளவைக் கூட்டுவதற்கு இல்லை. முகம் மூன்றாம் மாதமே வெளித்துவிடும், அப்போது ‘இனிக் காணும்’ என்று நிறுத்தத் தோன்றும். கொப்பியைப் பார்த்தால் பாதிதான் வந்திருப்போம் என்று தெரியும். ஒரு நாள் மறந்தால் விட்டுவிடுங்கள், மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள்.

வெறும் வயிற்றில் போட்டால் மருந்தில் பெரும்பகுதி உடம்பில் சேராது. கொழுப்புள்ள சாப்பாடு வேண்டும். அதற்கு எங்கள் சமையலில் குறைவில்லை. இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் சாப்பிட்ட கையோடு நான் போடுவேன். புட்டும் முட்டைப் பொரியலும் என்றாலும் சரி. பிளேன்ரீயும் பிஸ்கட்டும் போதாது. கந்தசஷ்டி வந்தபோது ஆறு நாளும் பாலும் பழமும்தான், அந்த நாட்களை டொக்டரிடம் கேட்டுத் தள்ளிப்போட்டேன். அம்மம்மா இன்னொன்று கேட்டா: “இது மச்சமோ பிள்ளை?” அசைவமோ என்றுதான். நல்லூர்க் கொடியேறினால் 25 நாளும் எங்கள் வீட்டில் அடுப்பே சைவம். குளிசையின் மேலுறை பெரும்பாலும் ஜெலட்டின், அது மிருகத்திலிருந்து வருவது. மறைக்காமல் சொன்னேன். மருந்துக்கு விலக்கு உண்டு என்று அவவே தீர்ப்பும் சொல்லிவிட்டா. உங்கள் வீட்டில் அப்படி இல்லையென்றால் தொடங்கு முன்பே டொக்டரிடம் கதையுங்கள். சோயா, கச்சான் ஒத்துக்கொள்ளாதவர்களும் சொல்ல வேண்டும், உள்ளே இருக்கும் எண்ணெய் பலவற்றில் சோயா எண்ணெய்.

இரத்தப் பரிசோதனை தொடங்கு முன் ஒருமுறை, பிறகு ஒன்றிரண்டு மாதத்தில், அதன்பின் டொக்டர் சொல்கிறபடி. ஈரலும் கொழுப்பும் பார்ப்பார்கள். கொழுப்புக்குப் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் வெறும் வயிறு வேண்டும். நான் இரண்டாம் முறை ஒரு கலியாண வீட்டில் இரவு பத்தரைக்குச் சாப்பிட்டுவிட்டு, காலை ஆறரைக்கு ஊசிக்குக் கையை நீட்டினேன். ட்ரைகிளிசரைட் என்ற இரத்தக் கொழுப்பு எகிறிவிட்டது. டொக்டர் ரிப்போட்டைப் பார்த்து, “நேற்று என்ன சாப்பாடு?” என்றார். சொன்னேன். சிரித்துவிட்டு, திரும்ப எடுக்கச் சொன்னார். காசு வீண், ஆனால் சரியாக வந்தது. அது உண்மையிலேயே ஏறினால் கணையம் வீங்கலாம், அதனால் விளையாட்டில்லை. இந்த மாதங்களில் கள்ளும் சாராயமும் வேண்டாம்.

முதல் சில வாரம் பரு கூடலாம். பயந்து நிறுத்தாமல் டொக்டருக்குக் காட்டுங்கள். உதடு வெடிக்கும், இது அநேகமாக எல்லோருக்கும் வரும். வசலின் டப்பி ஒன்று கைப்பையில், ஒன்று தலைமாட்டில். மூக்கால் இரத்தம் கசியலாம், கண் காயலாம். எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்புக்குச் சோப்பும் சேர்ந்தால் முகம் இழுத்துக் கட்டும். நுரை குறைந்த, மென்மையான பேஸ்வொஷ் ஒன்றுக்கு மாறினேன். வெயில் சுடும். தேர் அன்று குடையும் சன்ஸ்கிரீனும் இருந்தும் மூக்கு உரிந்தது. நான் செய்த பெரிய முட்டாள்தனம் பியூட்டி பாலரில் மேலுதட்டுக்கு வக்ஸ் வைத்தது. பட்டியை இழுத்தபோது முடியோடு தோலும் போனது. குளிசை போடும்போதும், முடித்து ஆறு மாதத்துக்கும் வக்ஸ், லேசர் எதுவும் வேண்டாம்.

வேறு மருந்து தரும் ஒவ்வொருவரிடமும் இதைப் போடுவதாகச் சொல்ல வேண்டும். 2024 டிசம்பரில் எலிக்காய்ச்சல் பரவியபோது வயலில் இறங்குகிறவர்களுக்கு டொக்ஸிசைக்கிளின் கொடுத்தார்கள். சித்தியின் மகன் வடமராட்சியில் தகப்பனோடு வயலுக்குப் போகிறவன். கையில் குளிசை வந்த பிறகுதான் எனக்குக் கோல் எடுத்தான். ஐசோட்ரெட்டினோயினும் டொக்ஸிசைக்கிளினும் சேர்ந்தால் தலைக்குள் அழுத்தம் கூடலாம். ஆனால் எலிக்காய்ச்சலும் உயிரெடுக்கிற வருத்தம். இரண்டில் எதை விடுவது என்று அவனும் முடிவெடுக்கக் கூடாது, நானும் எடுக்கக் கூடாது. அன்றே தோல் டொக்டரிடம் கேட்டான், அவர் பருக் குளிசையை நிறுத்திவைத்தார். மீன் ஈரல் எண்ணெய்க் குளிசையும் விற்றமின் ஏ குளிசையும் இதோடு வேண்டாம். சாப்பாட்டில் வரும் கரட்டும் பப்பாப்பழமும் பரவாயில்லை.

அவனுக்கு இன்னொன்றும் சொன்னேன். அவனுடைய பழைய மாணவர் சங்கம் வைக்கும் இரத்ததான முகாமுக்கு இந்த முறை போகக் கூடாது, முடித்து ஒரு மாதம் வரைக்கும். அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏறலாம். போகாததற்குக் காரணம் சொல்ல வெட்கப்பட்டான். “மருந்து போடுறன் எண்டு மட்டும் சொல்லு, காணும்” என்றேன்.

உடனே நிறுத்திவிட்டு ஓட வேண்டியவை: பார்வை மங்கலும் வாந்தியும் சேர்ந்த கடும் தலையிடி, மேல்வயிற்றில் முதுகுவரை போகும் நோ, இரத்தத்தோடு வயிற்றுப்போக்கு, கண் மஞ்சளாவது, கரு தங்கியிருக்குமோ என்ற சந்தேகம். இரவில் பார்வை மங்கினால் மோட்டச் சைக்கிளை எடுக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள். மனம் இருண்டுபோவதும் சிலருக்கு வரும், அது தனக்கே தெரியாது. எனக்குத் தங்கச்சியைக் காவல் வைத்தேன். “நான் நாலு நாள் சேர்ந்தாற்போல ஆரோடையும் கதைக்காமல் இருந்தால் அம்மாவிட்ட சொல்லு” என்று. இரண்டாம் மாதம் ஒருநாள் சொல்லியும்விட்டாள். அது சோதனைத்தாள் திருத்திய களைப்புத்தான், ஆனாலும் அவளை ஏசவில்லை.

மச்சாளை அந்த வாரமே டொக்டரிடம் கூட்டிப்போனேன். கலியாணத் திகதியை முதலில் அவளே சொன்னாள். அவர் துண்டில் எழுதியது அசெலாயிக் அசிட் கிரீம், கர்ப்பம் வந்தாலும் பயமில்லாமல் பூசக் கூடியது. தையில் கலியாணம் நடந்தது. தாலி கட்டும் படத்தில் இடப்பக்கக் கன்னத்தில் ஒரு பரு தெளிவாகத் தெரிகிறது. படக்காரர் அழித்துத் தருகிறேன் என்றாராம், இவள்தான் இருக்கட்டும் என்றுவிட்டாள்.