ஐ7 ஸ்டிக்கரை நம்பாதீர்கள்: வீட்டுக்கும் சிறிய ஆபீசுக்கும் ரீஃபர்பிஷ்டு மினி பிசி தேர்ந்தெடுப்பது எப்படி?

டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன், எக்செல், மெயில், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு. வேலை இவ்வளவுதான் என்றால் புதுக் கம்ப்யூட்டருக்குப் பணம் போட வேண்டியதில்லை. பெரிய கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழிக்கும் ஆபீஸ் மினி பிசியே தாராளம். தடிமனான புத்தகம் அளவுதான் இருக்கும். மானிட்டருக்குப் பின்னாலேயே மாட்டிவிடலாம். சென்னை ரிச்சி தெருவில் கடைக்குக் கடை அடுக்கி வைத்திருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், அந்த அடுக்கில் வாங்க வேண்டியதும் தொடவே கூடாததும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

வீடியோ எடிட்டிங், 3டி வரைபடம், பெரிய கேம் என்றால் இந்தப் பதிவு உங்களுக்கு அல்ல. இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் கிராபிக்ஸ் கார்டு போட இடமே கிடையாது.

படி 1: ஐ5, ஐ7 பார்க்காதீர்கள், அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள்

ஐ5, ஐ7 என்பவை இன்டெல் ப்ராசசரின் பெயர்கள். "ஐ7 சார், 8 ஜிபி ராம்" என்று சொன்னால் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மீதி, கோடு போட்டு அடுத்து வரும் எண்ணில் இருக்கிறது. ஐ7-4770 என்றால் முதல் இலக்கம் 4, அதாவது நான்காம் தலைமுறை, 2013இல் வந்தது. ஐ5-8500 எட்டாம் தலைமுறை, 2018. எண் ஐந்து இலக்கமாக இருந்தால் முதல் இரண்டைப் படிக்க வேண்டும்: ஐ5-10500 பத்தாம் தலைமுறை. அந்தப் பழைய ஐ7-4770இல் 4 கோர் (ப்ராசசருக்குள் கணக்கிடும் பகுதி), ஐ5-8500இல் 6 கோர். பெயரில் பெரியது வேலையில் சிறியது.

என் கறாரான விதி: இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வாங்காதீர்கள். ஏஎம்டி என்றால் ரைசன் 3000 வரிசைக்குக் கீழே வேண்டாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது எட்டாம் தலைமுறையிலிருந்துதான். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். "ஏழாம் தலைமுறையிலும் 11 போட்டுத் தருகிறோம்" என்பார்கள். குறுக்கு வழியில் ஏறத்தான் செய்யும். ஆனால் அடுத்த பெரிய பதிப்பு வரும்போது அது தானாக வராது, மறுபடியும் அதே குறுக்கு வழியைத் தேட வேண்டும். நெட் பேங்கிங்கும் வரிக் கணக்கும் ஓடுகிற மெஷினில் அந்த விளையாட்டு வேண்டாம்.

கையில் இருக்கும் பழைய நான்காம் தலைமுறை மெஷினை என்ன செய்வது என்று கேட்டால், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் மின்ட் 22 போடுங்கள். 2029 ஏப்ரல் வரை அதற்கு அப்டேட் உண்டு. பிரௌசருக்கும் லிப்ரே ஆபீசுக்கும் நன்றாகவே ஓடும். டேலிக்கு ஆகாது.

மாடல் பெயரை வைத்தே முதல் வடிகட்டலைச் செய்துவிடலாம். டெல் ஆப்டிப்ளெக்ஸில் 3050, 5050, 7050 என்றால் பழையது. 3060, 5060, 7060 என்றால் எட்டாம் தலைமுறை. ஹெச்பி எலைட்டெஸ்க் 800இல் ஜி3 பழையது, ஜி4 சரி. லெனோவோ திங்க்சென்டரில் எம்710க்யூ பழையது, எம்720க்யூ சரி. 7050க்கும் 7060க்கும் பெட்டியில் பெரிய வித்தியாசம் தெரியாது, அதனால்தான் இரண்டும் ஒரே அடுக்கில் கலந்து நிற்கின்றன. எண்ணின் கடைசியில் டி என்ற எழுத்து இருந்தால், ஐ5-8500டி போல, அது 35 வாட் வகை. கொஞ்சம் வேகம் குறைவு, சூடும் சத்தமும் அதைவிடக் குறைவு. மினி பெட்டிக்கு அதுவே பொருத்தம்.

படி 2: பெட்டியைத் திருப்பி பின்பக்கத்தைப் பாருங்கள்

ஆரம்பநிலைக்காரர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். வாங்கி வந்து, வீட்டு மானிட்டரின் ஹெச்டிஎம்ஐ கேபிளை எடுத்துச் செருகப் பார்த்தால், பெட்டியில் அந்தத் துளையே இருக்காது.

டெல் 7060 மைக்ரோ, ஹெச்பி 800 ஜி4 மினி இரண்டிலும் நிச்சயமாக இருப்பது இரண்டு டிஸ்பிளே போர்ட் மட்டும். ஹெச்டிஎம்ஐ என்பது முதலில் வாங்கிய கம்பெனி கூடுதலாகக் கேட்டிருந்தால்தான் உண்டு. லெனோவோ எம்720க்யூவில் இரண்டும் ஒவ்வொன்று இருக்கும். வீட்டுக்கு வாங்குபவர்களுக்கு நான் லெனோவோவை முதலில் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம்.

டிஸ்பிளே போர்ட்டை அடையாளம் காண்பது எளிது. ஹெச்டிஎம்ஐயில் கீழ் மூலைகள் இரண்டும் ஒரே மாதிரி சரிந்திருக்கும். டிஸ்பிளே போர்ட்டில் ஒரு மூலை மட்டும் வெட்டுப்பட்டிருக்கும். கேபிள் முனையில் சிறிய பட்டன் இருந்தால், கழற்றும்போது அதை அமுக்கிக்கொண்டே இழுக்க வேண்டும். உள்ளே இரண்டு சிறு கொக்கிகள் பிடித்திருக்கும். அமுக்காமல் வெடுக்கென்று இழுத்தால் போர்டில் இருக்கும் போர்ட்டே பெயர்ந்துவிடும்.

இப்போது கேபிள். கம்ப்யூட்டரில் டிஸ்பிளே போர்ட், மானிட்டரில் ஹெச்டிஎம்ஐ என்றால், "டிஸ்பிளே போர்ட் டு ஹெச்டிஎம்ஐ" என்ற சாதாரண கேபிளே போதும். இந்த மெஷின்களின் டிஸ்பிளே போர்ட், எதிரே ஹெச்டிஎம்ஐ இருப்பது தெரிந்தால் அதற்கேற்ற சிக்னலையே அனுப்பும். ஆனால் அதே கேபிளைத் திருப்பிப் போட்டு, கம்ப்யூட்டரில் ஹெச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்பிளே போர்ட் என்று இணைத்தால் படம் வரவே வராது. கேபிளும் பழுதில்லை, மானிட்டரும் பழுதில்லை. அந்தத் திசைக்குத் தனியாக மின்சாரம் எடுக்கும் கன்வெர்ட்டர் வேண்டும். கடையில் "இரண்டு பக்கமும் போகும்" என்றால், அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

பழைய நீல நிற விஜிஏ மானிட்டரை கன்வெர்ட்டர் போட்டு ஓட்டலாம். எழுத்து ஓரம் மங்கித் தெரியும். நாள் முழுக்க எண் பார்க்கிற கண்ணுக்கு அது பகை.

படி 3: கடையிலேயே பத்து நிமிடச் சோதனை

மானிட்டரில் மாட்டி ஆன் செய்யச் சொல்லுங்கள். ஆன் ஆகும்போதே பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் மெஷினின் செட்டிங்ஸ் திரை) போங்கள்: டெல்லில் எஃப்2, ஹெச்பியில் எஃப்10, லெனோவோவில் எஃப்1. பாஸ்வேர்டு கேட்டால் அந்தப் பெட்டியை அங்கேயே வைத்துவிடுங்கள். "உள்ளே இருக்கும் பட்டன் செல்லைக் கழற்றினால் போய்விடும்" என்பது எல்லா மெஷினுக்கும் பொருந்தாது. கழற்றிக் காட்டி, பாஸ்வேர்டு போனால் மட்டும் மேலே பேசலாம்.

அங்கேயே தேதியைப் பாருங்கள். ஏழெட்டு வருடம் பின்னால் காட்டினால் உள்ளே இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்துவிட்டது. செல் மலிவுதான், ஆனால் மாற்றாமல் விட்டால் ஒவ்வொரு பவர் கட்டுக்குப் பிறகும் தேதி பின்னால் போய், பேங்க் தளங்கள் "பாதுகாப்பற்ற இணைப்பு" என்று தடுக்கும்.

விண்டோஸ் வந்ததும் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போங்கள். சிபியுவில் முழு மாடல் எண் தெரியும். மெமரியில் எத்தனை ஸ்லாட்டில் ராம் இருக்கிறது என்று தெரியும். டிஸ்கில் எஸ்எஸ்டியா ஹார்ட் டிஸ்கா என்று எழுதியிருக்கும்.

சிபியு பக்கத்தை விட்டு உடனே நகராதீர்கள். பிரௌசரில் நாலைந்து டேப் திறந்துகொண்டே வேகத்தைப் பாருங்கள். அது 2, 3 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற வேண்டும். 0.8லேயே ஒட்டிக்கொண்டு நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அடாப்டரை. டெல் அடாப்டரின் நடு ஊசி, தான் யார், எத்தனை வாட் என்று மெஷினுக்குச் சொல்கிறது. டூப்ளிகேட் அடாப்டரில் அது பேசாது, மெஷினும் பயந்து வேகத்தைக் கட்டிப்போடும். ஒரிஜினல் அடாப்டர் கேளுங்கள். டி வகை ப்ராசசருக்கு 65 வாட், டி இல்லாததற்கு அதைவிட அதிக வாட்.

அடுத்து செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கம். "டிஜிட்டல் லைசென்ஸ்" என்றிருந்தால் நல்லது. உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் மூலம் ஆக்டிவேட் ஆனது என்று காட்டினால், அது உங்களுக்கு உரிமையான லைசென்ஸ் அல்ல.

எப்படி இருந்தாலும், கடையில் போட்டுத் தந்த விண்டோஸை அப்படியே பயன்படுத்தாதீர்கள். 8 ஜிபி பென் டிரைவில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே விண்டோஸ் 11ஐ இறக்கிப் புதிதாகப் போடுங்கள். விண்டோஸ் 10 ப்ரோவுடன் வந்த மெஷின்களில் அதன் கீ பயாஸுக்குள்ளேயே பதிந்திருக்கும், நெட் கிடைத்ததும் 11 ப்ரோ தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். திருட்டு ஆபீஸும் அதைத் திறக்கும் கிராக்கும் உள்ள மெஷினில் உங்கள் பேங்க் பாஸ்வேர்டைத் தட்டாதீர்கள்.

படி 4: ராமும் எஸ்எஸ்டியும்

8 ஜிபி குறைந்தபட்சம், 16 நிம்மதி. ஒரே 16ஐ விட இரண்டு 8 மேல், ஏனென்றால் தனி கிராபிக்ஸ் இல்லாத மெஷினில் திரை வேலையும் ராமையே நம்பி ஓடுகிறது. இந்த மினிக்களுக்கு லேப்டாப் அளவு டிடிஆர்4 ராம்தான் பொருந்தும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறியிருப்பதால், பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விடாமல் மெஷினோடு சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

எஸ்எஸ்டி புதிதாகவே வாங்குங்கள். போர்டிலேயே படுத்தபடி மாட்டும் எம்.2 ஸ்லாட்டுக்கு 2280 அளவு, என்விஎம்இ, மூன்றாம் தலைமுறை, 500 ஜிபி. நான்காம் தலைமுறை போட்டாலும் ஓடும், மூன்றின் வேகத்தில்தான் ஓடும். அதைப் பிடித்து வைக்கும் குட்டி ஸ்க்ரூ, இரண்டாவதாக 2.5 அங்குல டிஸ்க் போடுவதற்கான தட்டு, அதன் பட்டைக் கேபிள் மூன்றும் இருக்கிறதா என்று மூடியைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் கழன்று போயிருப்பது இவைதான். தனியாகத் தேடினால் மாடலுக்கு ஏற்றது கிடைக்க அலைய வேண்டும்.

படி 5: மானிட்டர், யுபிஎஸ், பில்

மானிட்டர் 22 அல்லது 24 அங்குலம், 1920க்கு 1080, ஐபிஎஸ் வகைத் திரை. 600 விஏ யுபிஎஸ் போதும். லேசர் பிரிண்டரை மட்டும் யுபிஎஸ்ஸில் செருகாதீர்கள், தாளைச் சூடாக்கும்போது அது இழுக்கும் மின்சாரம் யுபிஎஸ்ஸை ஓவர்லோடில் தள்ளும். சீரியல் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். வாரன்டி எத்தனை மாதம் என்பது அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும். புது ஐ3-12100 மெஷினின் விலையில் பாதியைத் தாண்டிக் கேட்டால், ரீஃபர்பிஷ்டை விட்டுவிட்டுப் புதிதையே வாங்குங்கள்.

பிற்சேர்க்கை 1: வைஃபை வரவில்லை என்று பலர் கேட்டுவிட்டீர்கள். கம்பெனிகள் கேபிள் நெட்டில் ஓட்டியதால் நிறையப் பெட்டிகளில் வைஃபை கார்டே இருக்காது. யுஎஸ்பி வைஃபை டாங்கிள் போட்டால் போதும். டேலி டேட்டாவை இரண்டு மெஷின் பகிர்ந்துகொள்வதானால் மட்டும் வைஃபையை நம்பாதீர்கள், லேன் கேபிள் இழுங்கள்.

பிற்சேர்க்கை 2: பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் பழைய பில்லிங் சாஃப்ட்வேர் ஓட்டும் கடைக்காரர்களுக்கு. அசல் 16 பிட் டாஸ் சாஃப்ட்வேர் விண்டோஸ் 11இல் நேரடியாக ஓடாது; ஓடுகிற மற்றவற்றுக்குத்தான் இது. மினி பிசியில் பேரலல் போர்ட் கிடையாது. யுஎஸ்பி கன்வெர்ட்டர் கேபிள் போட்டால் விண்டோஸிலிருந்து பிரிண்ட் வரும், பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து வராது. அது தேடுவது எல்பிடி1 என்ற பேரலல் போர்ட்டை. கேபிள் உருவாக்குவது யுஎஸ்பி001 என்ற போர்ட்டை. பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் ஷேரிங்கை ஆன் செய்து, இடைவெளி இல்லாத சிறிய பெயர் ஒன்று கொடுங்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்டில் "நெட் யூஸ்" கட்டளையால் அந்தப் பகிர்வை எல்பிடி1க்குக் கட்டுங்கள். கடைசியில் "/persistent:yes" சேர்க்க மறந்தால், மறுநாள் காலை முதல் பில்லே நின்றுவிடும்.