லோனில் வந்த ஆள் சும்மா வந்த ஆள் இல்லை: ஆர்சனல் ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் ஒரு நண்பரின் மொட்டைமாடி அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து லண்டன் கால்பந்து கிளப்பான ஆர்சனலின் ஆட்டம் பார்ப்போம். சனிக்கிழமை மாலை ஆட்டம் என்றால் டீ, பஜ்ஜி. வார நடுவில் இரவு ஒன்றரை மணிக்கு என்றால் வெறும் கொட்டாவி. சமீபமாக நாலைந்து கல்லூரிப் பையன்கள் புதிதாக வர ஆரம்பித்திருக்கிறார்கள். நல்ல பையன்கள். ஆனால் மேனேஜரைப் பற்றியோ, ஒரு கிளப் தன் ஆட்டக்காரரைச் சில காலம் இன்னொரு கிளப்புக்கு இரவல் கொடுக்கிற லோனைப் பற்றியோ அவர்கள் பேச ஆரம்பித்தால் எனக்கு என் பழைய குரலே கேட்கிறது. நான் அன்று உளறியதை வார்த்தை மாறாமல் உளறுகிறார்கள்.

நடுவரைத் திட்டாதே, வதந்தியை நம்பாதே என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது அவர்களுக்கே தெரியும். தெரிந்தும் செய்வார்கள், நானும்தான் செய்கிறேன். தெரியாமல் செய்கிற தவறுகளை மட்டும் பார்ப்போம்.

மூன்று ஆட்டத்தில் மேனேஜருக்குத் தீர்ப்பு

2021 ஆகஸ்ட். பிரென்ட்ஃபோர்டிடம் 2-0, செல்சியிடம் 2-0, மான்செஸ்டர் சிட்டியிடம் 5-0. மூன்று ஆட்டம், ஒன்பது கோல் வாங்கி, ஒன்றுகூடப் போடாமல், பட்டியலின் கடைசி இடம். அதற்கு முந்தைய இரண்டு சீசனிலும் எட்டாவது இடம் வேறு. மேனேஜர் ஆர்டெட்டாவை அன்றிரவே விமானம் ஏற்றிவிட வேண்டும் என்று நான் கத்தியது அந்த அறையில் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. மறந்துவிடாதபடி அவ்வப்போது எடுத்தும் சொல்கிறார்கள்.

நான் பார்க்கத் தவறியது ஒன்றுதான்: களத்தில் இறங்கியது எந்த அணி? அந்தக் கோடையில் ஆர்சனல் ஆறு பேரை வாங்கியது. ஆறு பேருமே 23 வயது அல்லது அதற்கும் கீழ். அவர்களில் டோமியாசு கையெழுத்துப் போட்டதே அந்த மூன்று தோல்விகளுக்கும் பிறகு. அடுத்த ஆட்டத்தில், நார்விச்சுக்கு எதிராக, அவரும் புதிய கோல்கீப்பர் ராம்ஸ்டேலும் நமக்காக முதல்முறையாக லீக் ஆட்டத்தில் இறங்கினார்கள், 1-0 வெற்றி. அந்த சீசன் ஐந்தாம் இடத்தில் முடிந்தது. அதற்கடுத்த மூன்று சீசனும் இரண்டாம் இடம். கோப்பை எங்கே என்று கேட்டால் அது வேறு சண்டை, அதற்கும் நான் தயார்.

இதே தவறைத் தலைகீழாகச் செய்ததும் உண்டு. 2018இல் வெங்கருக்குப் பதில் உனாய் எமெரி மேனேஜராக வந்தார். முதல் இரண்டு ஆட்டம் தோல்வி, அதன்பின் தொடர்ந்து 22 ஆட்டம் தோற்கவில்லை. வெங்கரின் 22 வருடத்தை அந்த 22 ஆட்டம் மறக்கடித்துவிட்டது என்று நான் பேசித் திரிந்தேன். 2019 நவம்பரில் அவரை அனுப்பிவிட்டார்கள். சரி, ஆள் தேறமாட்டார் என்று முடிவு கட்டினேன். அதுவும் தப்பு. 2021இல் அவருடைய வில்லாரியல் யூரோப்பா லீக் அரையிறுதியில் நம்மையே வெளியேற்றி, கோப்பையையும் தூக்கியது. 2023-24இல் அவருடைய ஆஸ்டன் வில்லா நம்மை இரண்டு முறையும் தோற்கடித்தது. அந்த சீசன் பட்டத்தை இரண்டே புள்ளியில் விட்டோம். ஒரு கிளப்புக்குப் பொருந்தாதவர் மோசமான மேனேஜர் என்று ஆகிவிடுவதில்லை. புருஷன் பெண்டாட்டி ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டு பேரும் கெட்டவர்களா என்ன?

பெர்குசன் உதாரணம்

பின்னாளில் கோப்பைகளைக் குவித்த பெர்குசனை 1990இல் மான்செஸ்டர் யுனைடெட் அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆரம்பிக்காதீர்கள். பொறுமையாகக் காத்திருந்து நாசமாய்ப் போன கிளப்புகளின் கதையை யாரும் சொல்வதில்லை.

அணித் தேர்வை மட்டும் பார்த்து, பதிவுப் பட்டியலைப் பார்க்காமல் இருப்பது

“அவனை ஏன் எடுக்கவில்லை” என்று கேட்பதற்கு முன்னால், அவரை எடுக்க முடியுமா என்று கேட்க வேண்டும். இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கில் ஒரு கிளப் 25 பேரைத்தான் பதிவு செய்யலாம். அதில் அதிகபட்சம் 17 பேர் ‘ஹோம்க்ரோன்’ அல்லாதவர்கள். 21 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பட்டியலில் இல்லாமலே ஆடலாம்.

‘ஹோம்க்ரோன்’ என்றால் ஆங்கிலேயர் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். இல்லை. 21 வயதுக்கு முன் மூன்று சீசன் இங்கிலாந்து, வேல்ஸ் கிளப் ஒன்றில் பதிவாகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்பெயின்காரரான ஃபாப்ரிகாஸ் பதினாறு வயதில் ஆர்சனலுக்கு வந்ததால் ‘ஹோம்க்ரோன்’. இங்கிலாந்து தேசிய அணிக்கே ஆடிய எரிக் டையர் போர்ச்சுகலில் வளர்ந்ததால் டாட்டன்ஹாமில் இருந்தபோது அந்தக் கணக்கில் வரவில்லை. 2020 அக்டோபரில் ஆர்சனலின் ஓசிலும் சோக்ரடீஸும் பட்டியலுக்கு வெளியே போனதற்கும் இந்த 17 இட நெருக்கடி ஒரு காரணம். ஓசில் விஷயத்தில் அது மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன்.

லோன் என்றால் இலவசம் என்று நினைப்பது

இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். இந்த ஒரு தவறு எனக்கு எட்டுப் பேருக்கு மட்டன் பிரியாணி செலவு வைத்தது. காசு போனதுகூட இல்லை, போன விதம்தான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். லோனில் வருகிற ஆட்டக்காரரைப் பல்லைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். 2014 ஜனவரி கடைசியில் ஸ்பார்டக் மாஸ்கோவிலிருந்து கிம் ஷெல்ஸ்ட்ரோம் லோனில் வந்தார். பரிசோதனையில் முதுகில் அடி என்று தெரிந்தது. ஆட்டக்காரர்களை எடுக்க அனுமதிக்கப்பட்ட காலமான விண்டோ மூடப்போகிறது, வேறு ஆள் தேட நேரம் இல்லை. அடியோடேயே எடுத்துக்கொண்டார்கள். மார்ச் மாதம் வரை அவர் களம் இறங்கவில்லை, மொத்தமே நான்கு ஆட்டம்தான் ஆடினார். ஆனால் அதில் ஒன்று விகனுக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. பெனால்டி ஷூட்அவுட்டில் அவர் தன் உதையைக் கோலாக்கினார், நாம் இறுதிப்போட்டிக்குப் போனோம், ஒன்பது வருடத்துக்குப் பிறகு ஒரு கோப்பை கிடைத்தது. இந்த ஒரு பெனால்டியைக் காட்டியே “லோன் எடுத்தால் என்ன நஷ்டம்” என்று பல வருடம் வாதாடியவன் நான்.

என்ன நஷ்டம் என்பது 2024-25இல் தெரிந்தது.

ஆகஸ்ட் விண்டோவின் கடைசி நேரத்தில் இரண்டு பேர் லோனில் வந்தார்கள். போர்ன்மத்திலிருந்து கோல்கீப்பர் நெட்டோ, செல்சியிலிருந்து ரஹீம் ஸ்டெர்லிங். ஸ்டெர்லிங்குக்கு லோன் கட்டணம் கிடையாது, சம்பளத்திலும் பாதிக்கு மேல் செல்சியே கொடுக்கிறது என்று செய்தி வந்தது. அறையில் ஒரே கொண்டாட்டம். நான்தான் முதல் ஆள்.

செப்டம்பரில் போல்டனோடு லீக் கோப்பை ஆட்டம். நம் முதல் கோல்கீப்பர் ராயாவுக்குக் காயம். சரி, நெட்டோ இருக்கிறாரே என்று உட்கார்ந்தோம். அவர் ஏற்கெனவே போர்ன்மத்துக்காக அதே கோப்பையில் ஆடிவிட்டார், அதனால் நமக்கு ஆட முடியாது. ஜாக் போர்ட்டர் என்ற பதினாறு வயதுப் பையன் கோல்கம்பத்தில் நின்றான். 5-1 என்று ஜெயித்தோம், ஸ்டெர்லிங்கும் ஒரு கோல் போட்டார். இதோ ஆரம்பித்துவிட்டார் பாருங்கள் என்றேன். அந்த சீசனில் 28 ஆட்டம் ஆடிய அவர் போட்டது அந்த ஒரே கோல்தான்.

அப்புறம் காயங்கள் வந்தன. டிசம்பரில் முன்கள ஆட்டக்காரர் சாக்காவுக்குத் தொடைத் தசை. ஜனவரியில் ஸ்ட்ரைக்கர் ஜேசுஸுக்கு முழங்கால் தசைநார். ஒரு ஸ்ட்ரைக்கர் கட்டாயம் வேண்டும். பிரைட்டனில் பெஞ்சில் இருக்கிற ஈவன் ஃபெர்குசனை லோனில் எடுத்தால் போதும், விண்டோ மூடுவதற்குள் எடுத்துவிடுவார்கள், இல்லையென்றால் எல்லோருக்கும் பிரியாணி என்று பந்தயம் கட்டினேன். இரண்டு வாரம் இதையே பேசினேன். யார் எங்கே நிற்பார், யார் பந்து கொடுப்பார் என்று காகிதத்தில் வரைந்துகூடக் காட்டினேன்.

மூலையில் உட்கார்ந்து பெரும்பாலும் பேசாமலே இருக்கும் தம்பி ஒருவன் கடைசியில் கேட்டான்: “அண்ணே, நெட்டோ, ஸ்டெர்லிங்னு ரெண்டு பேர் ஏற்கெனவே இருக்காங்களே?”

விதி அப்படித்தான். வேறு பிரீமியர் லீக் கிளப்புகளிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு பேரைத்தான் லோனில் பதிவு செய்து வைத்திருக்கலாம். மூன்றாவது ஆள் வேண்டுமென்றால் இருவரில் ஒருவரைத் திருப்பி அனுப்ப வேண்டும், அதற்கு அவருடைய சொந்த கிளப்பும் சம்மதிக்க வேண்டும். கட்டணமே இல்லாமல் வந்தார் என்று நான் கொண்டாடிய ஸ்டெர்லிங்தான் அந்தக் கதவில் குறுக்கே நின்றார். அவருக்கு நாம் கொடுத்த விலை பவுண்டில் இல்லை, இடத்தில். ஆர்சனல் அந்த ஜனவரியில் யாரையும் எடுக்கவில்லை. விண்டோ மூடிய சில நாட்களில் முன்களத்தில் ஆடிய ஹாவெர்ட்ஸுக்கும் தொடைத் தசை போனது.

பிப்ரவரி 15, சனிக்கிழமை மாலை, லெஸ்டரோடு ஆட்டம். பந்தயப் பிரியாணியை அன்றுதான் வாங்கி வந்தேன். எண்பது நிமிடம் வரை கோல் இல்லை. நடுக்கள ஆட்டக்காரரான மெரினோவை ஸ்ட்ரைக்கராக இறக்கினார் ஆர்டெட்டா. அவர் இரண்டு கோல் போட்டார். தம்பி எலும்பைக் கடித்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தான். வெஸ்ட் ஹாமுக்கு லோனில் போன ஃபெர்குசன் அங்கே ஒரு கோலும் போடவில்லை என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே லோன் செய்தி வந்தால் பெயரைப் பார்த்துக் குதிக்காமல் பத்திரத்தைப் படியுங்கள். வீடு பிடிப்பது மாதிரிதான். வெறும் வாடகையா, வாங்கும் உரிமையோடு வாடகையா, இல்லை கிரய ஒப்பந்தம் போட்டுவிட்டு வாடகை என்று பெயர் சொல்கிறார்களா? ராயா 2023இல் பிரென்ட்ஃபோர்டிலிருந்து வந்தது இரண்டாவது வகை: லோனுக்கு 30 லட்சம் பவுண்டு, பிடித்தால் 2.7 கோடிக்கு வாங்கிக்கொள்ளலாம். பிடித்தது, வாங்கினார்கள். ஆனால் லோனில் இருந்த அந்த சீசனில் பிரென்ட்ஃபோர்டுக்கு எதிராக அவர் ஆட முடியாது. சொந்த கிளப்புக்கு எதிராக இறங்கக் கூடாது என்பதும் பிரீமியர் லீக் விதி. 2024 மார்ச்சில் அவருக்குப் பதில் நின்ற ராம்ஸ்டேல் பந்தை வைத்துக்கொண்டு தாமதிக்க, விஸ்ஸா கோல் போட்டுவிட்டார். கடைசியில் ஹாவெர்ட்ஸ் காப்பாற்றினார். அந்த ஆட்டத்தில் ராம்ஸ்டேலைத் திட்டியவர்கள், அவர் ஏன் அன்று நின்றார் என்பதை யோசிக்கவே இல்லை.

மூன்றாவது வகைக்கு ஜேடன் சான்ச்சோவைப் பாருங்கள். 2024-25இல் மான்செஸ்டர் யுனைடெட்டிலிருந்து செல்சிக்குப் போனார். செல்சி 14ஆம் இடத்துக்கு மேலே முடித்தால் அவரை வாங்கியே ஆக வேண்டும் என்பது ஒப்பந்தம். செல்சி நான்காவதாக முடித்தது. கான்ஃபரன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் சான்ச்சோ கோலும் போட்டார். அப்படியும் சுமார் 50 லட்சம் பவுண்டு அபராதம் கட்டி அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அட்வான்ஸ் போனாலும் பரவாயில்லை, இந்த வீடு வேண்டாம் என்பது போல.

எந்த உரிமையும் எழுதாமல் வந்து கடைசியில் கேப்டனே ஆனவரும் உண்டு. 2021 ஜனவரியில் ரியல் மாட்ரிட்டிலிருந்து அரை சீசனுக்கு வந்த ஓடேகார்டு. வாங்கும் உரிமை பத்திரத்தில் இல்லாததால் ஆகஸ்டில் புதிதாகப் பேரம் பேசி சுமார் 3 கோடி பவுண்டுக்கு வாங்க வேண்டியிருந்தது. அடுத்தவன் பையனுக்கு நாம் எதற்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று அப்போது கேட்டவர் இப்போது ஓடேகார்டு சட்டை போட்டுக்கொண்டு வருகிறார். பெயர் வேண்டாம், எனக்குப் பக்கத்தில்தான் உட்காருவார்.

லோனில் அனுப்பினால் ஒதுக்கிவிட்டார்கள் என்று அழுவது

தடுப்பாட்டக்காரர் சலிபாவை 2019இல் வாங்கிய கையோடு பழைய கிளப்பான செயிண்ட் எட்டியனுக்கே லோனில் விட்டார்கள். பிறகு நீஸ், பிறகு மார்சே. பையனைப் பாழாக்குகிறார் ஆர்டெட்டா என்று மூன்று வருடம் ஒப்பாரி. மார்சேயில் அவர் பிரெஞ்சு லீக்கின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருதை வாங்கிக்கொண்டு 2022இல் திரும்பினார். அன்றிலிருந்து தடுப்பாட்டத்தின் தூண்.

லோனில் போகிற எல்லோரும் சலிபா ஆவதில்லை. அவர் எங்கே போகிறார், அங்கே வாராவாரம் இறங்குவாரா என்று பாருங்கள். பெஞ்சில் உட்காரத்தான் போகிறார் என்றால் அப்போது அழலாம்.

வீடியோ கேம் மதிப்பெண்ணைக் காட்டுவது

தயவுசெய்து வேண்டாம்.

கணக்குப் புத்தகத்தை மறப்பது

வெளியே வாங்கிய ஆட்டக்காரரின் விலையை ஒப்பந்த வருடங்களுக்குப் பிரித்துச் செலவு எழுதுவார்கள். விற்கும்போது இன்னும் எழுதாமல் இருக்கிற தொகையைக் கழித்துத்தான் லாபம் பார்ப்பார்கள். கிளப்பின் சொந்தப் பயிற்சிக் கூடமான அகாடமியில் வளர்ந்தவருக்கு அப்படிக் கழிக்க ஒன்றும் இல்லை, விற்ற பணம் அத்தனையும் லாபம். மூன்று வருட நஷ்டம் 10.5 கோடி பவுண்டைத் தாண்டக் கூடாது என்ற விதி அப்போது இருந்ததால், சொந்தப் பிள்ளையை விற்கத்தான் கிளப்புக்குக் கை அரித்தது. 2024 ஆகஸ்டில் அப்படி வளர்ந்த ஸ்மித் ரோவை ஃபுல்ஹாமுக்கும் என்கெட்டியாவை கிரிஸ்டல் பேலஸுக்கும் விற்றார்கள். “இவர்களை விற்றுவிட்டு ஸ்டெர்லிங்கை லோனில் எடுப்பதா” என்று கேட்டால், கணக்குப்படி அதற்குப் பதில் உண்டு. அந்தப் பதிலை நான் பையன்களுக்கு விளக்கமாகச் சொல்வேன்.

ஸ்மித் ரோ பெயர் போட்ட பத்தாம் எண் சட்டை இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. அதைத் துடைக்கிற துணியாக்கலாமா என்று வீட்டில் கேட்டபோது நான் பேசிய பேச்சில் கணக்கு எதுவும் இல்லை.