அடாப்டர் இல்லாமல் சிந்தசைசர்: பேட்டரி பேக் செய்யும் முறை

முதல் விதி, கருவியைத் திறக்காதீர்கள். அடாப்டர் செருகும் அதே ஜாக் வழியாகவே பேட்டரி மின்சாரமும் போகட்டும். பேக் வெளியே தனிப் பெட்டியில் இருக்கட்டும். உள்ளே சால்டர் வைத்தால் கிடைப்பது கொஞ்சம் அழகு மட்டும்தான்; தவறினால் போவது போர்டு.

அடாப்டர் லேபிளில் அவுட்புட் வரியைப் பாருங்கள். வோல்ட் எண்ணுக்குப் பக்கத்தில் நேர்கோடும் அதன் கீழே விட்டு விட்டு ஒரு கோடும் இருந்தால் டி.சி.; அலை மாதிரி வளைந்திருந்தால் ஏ.சி. அவுட்புட்டே ஏ.சி.யாக இருக்கும் பழைய மிக்ஸர், எஃபெக்ட் யூனிட்களுக்கு இந்த முறை ஒத்துவராது. பல யூனிட்கள் அந்த அலையின் இரண்டு பாதிகளிலிருந்துதான் ப்ளஸ், மைனஸ் சப்ளைகளை உருவாக்கிக்கொள்கின்றன. டி.சி. கொடுத்தால் ஒரு பாதி செத்தே கிடக்கும்.

அடுத்து, அடாப்டர் பின்னின் நடு ப்ளஸ்ஸா மைனஸா? கிட்டார் பெடல்களில் பெரும்பாலும் 9 வோல்ட், நடு மைனஸ். பழைய காசியோ கீபோர்டுகள் பலவும் அப்படித்தான். கோர்க் வோல்கா வரிசை 9 வோல்ட், நடு ப்ளஸ். யமஹா கீபோர்டுகள் பல 12 வோல்ட், நடு ப்ளஸ். நினைவை நம்பாமல் அடாப்டரைச் செருகி மல்டிமீட்டரால் அளந்து உறுதி செய்யுங்கள்.

எவ்வளவு கரண்ட் இழுக்கிறது?

லேபிளில் 1.7 ஆம்பியர் என்று இருந்தால் அது அடாப்டரால் தரக்கூடிய உச்சம். கருவி அதில் கால்வாசிகூட இழுக்காமல் இருக்கலாம். மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, ப்ளஸ் ஒயரின் நடுவே மீட்டரைச் சேருங்கள். எல்லா எல்.இ.டி.யும் எரிய, ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில், நிறைய நோட்டுகளை ஒன்றாக அழுத்தி அளவைக் குறியுங்கள். முடிந்ததும் சிவப்பு ஒயரை உடனே வோல்ட் துளைக்குத் திருப்பிவிடுங்கள். மறந்துபோய் அதே நிலையில் பேட்டரியின் வோல்ட்டேஜைப் பார்க்கப் போனால் மீட்டரே பேட்டரியை ஷார்ட் செய்துவிடும்.

எந்த பேட்டரி?

150 மில்லி ஆம்பியருக்குக் கீழே, 9 வோல்ட் என்றால் வோல்ட்டேஜை மாற்றும் கன்வர்ட்டரே வேண்டாம். ஏழு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏ.ஏ. செல்கள் தொடராக 8.4 வோல்ட், சார்ஜரிலிருந்து எடுத்தவுடன் 10 வோல்ட்டை ஒட்டி நிற்கும். ஏழு செல் ஹோல்டர் கிடைப்பது அரிது. எட்டு செல் ஹோல்டரில் ஒரு டம்மி செல் (மின்சாரம் தராமல் வெறும் ஒயர் மாதிரி கடத்துவது) போட்டால் ஆயிற்று. உள்ளே 7805 ரெகுலேட்டர் (5 வோல்ட்டை நிலையாகத் தரும் சிப்) இருக்கும் கருவிகளுக்கு இது அருமையான பொருத்தம். அதற்கு ஏறக்குறைய 7 வோல்ட் வரை வேண்டும், இந்தச் செல்களும் ஒன்றுக்கு 1 வோல்ட்டில் காலியாகின்றன. கன்வர்ட்டர் தரும் ஸ்விட்ச்சிங் இரைச்சல் அறவே இல்லை. இந்த வழி போதுமென்றால் லித்தியம் பக்கமே போகாதீர்கள்.

அதற்கு மேல் இழுக்கும் கருவிக்கு 18650 எனும் உருளை வடிவ லித்தியம் அயான் செல்கள்: 9 வோல்ட்டுக்கு மூன்று செல், 12 வோல்ட்டுக்கு நான்கு செல் தொடராக, அதன்பின் வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும் பக் கன்வர்ட்டர். மூன்று செல்கள் நிறைந்தால் 12.6 வோல்ட், வடிந்தால் 9. எல்.எம். 2596 எனும் பக் கன்வர்ட்டர் மாட்யூலுக்கு அவுட்புட்டைவிட ஒன்று, ஒன்றரை வோல்ட் கூடுதலாக வேண்டும்; எனவே 10.5க்குக் கீழே 9 வோல்ட் மெல்லச் சரியும். பெரும்பாலான கருவிகள் அதைப் பொறுத்துக்கொள்ளும்.

கணக்கு: 3 செல் × 3.6 வோல்ட் × 2.5 ஆம்பியர் மணி = 27 வாட் மணி. கன்வர்ட்டர் நஷ்டத்துக்கும் மீதி வைப்பதற்கும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 21.6. கருவி 9 வோல்ட்டில் 350 மில்லி ஆம்பியர், அதாவது 3.15 வாட் எடுத்தால் ஆறரை மணி நேரத்துக்குக் குறையாது.

கட்டுவது

செல்களில் நேரடியாக சால்டர் வைக்க வேண்டாம், சூட்டில் உள்ளே சீல் கெடும். ஹோல்டரோ, நிக்கல் பட்டை வெல்ட் செய்த செல்களோ வாங்குங்கள். ஒரே மாடல், ஒரே வயது. சேர்க்கும் முன் வோல்ட்டேஜ் வித்தியாசம் 0.05க்குள் இருக்கட்டும். மூன்று செல் பி.எம்.எஸ். போர்டில் (செல்களைக் காக்கும் சர்க்யூட்) மைனஸிலிருந்து தொடங்கி வரிசையாக ஒயர் இணையுங்கள். இணைத்து முடித்தும் அவுட்புட் பூஜ்யம் காட்டினால் பதற வேண்டாம். பல போர்டுகள் சார்ஜரை ஒருமுறை செருகினால்தான் விழிக்கும். பேட்டரி ப்ளஸ்ஸை ஒட்டியே 2 ஆம்பியர் ஃப்யூஸ். அது தள்ளிப் போனால் நடுவில் உள்ள ஒயர் ஷார்ட் ஆகும்போது காக்க ஆளில்லை.

கருவியைச் செருகும் முன் கன்வர்ட்டரைத் தனியாக ஓட விடுங்கள். புது மாட்யூலில் அவுட்புட் எங்கு வேண்டுமானாலும் இருக்கும், 12 வோல்ட்டுகூட. அவுட்புட்டை மாற்றும் நீல நிற ட்ரிம்பாட்டின் பித்தளைத் திருகைப் பத்துச் சுற்று சுற்றியும் எண் அசையாமல் இருக்கலாம். அது பழுதல்ல, பல சுற்றுத் திருகு. 27 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை லோடாக மாட்டி 9.0க்குக் கொண்டுவாருங்கள். 3 வாட் எரிவதால் ரெசிஸ்டர் கையைச் சுடும். பிறகு திருகில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ். பைக்குள் குலுங்கினாலும் நகராது.

கொய்ங் சத்தம்

உண்மையான தலைவலி இங்கேதான். கன்வர்ட்டர் 150 கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறதே, காதுக்கு எப்படிக் கேட்கிறது? லோடு குறைவாக இருந்தால் சில கன்வர்ட்டர்கள் விட்டு விட்டு அடிக்கும், அந்த இடைவெளி காதின் எல்லைக்குள் வரும். இரண்டு கன்வர்ட்டர்கள் இருந்தால் அவற்றின் வித்தியாசமும் கேட்கும். கருவியின் எல்.இ.டி. ஸ்கேனிங்கும் சப்ளையை அசைக்கும். மருந்து: ப்ளஸ் ஒயரில் 100 மைக்ரோஹென்றி இண்டக்டர், அதன்பின் ப்ளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே 470 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் கெபாசிட்டர், பக்கத்தில் 100 நானோஃபாரட். இண்டக்டர் குறைந்தது 1 ஆம்பியர் தாங்க வேண்டும். ரெசிஸ்டர் மாதிரி இருக்கும் சின்னது வேலைக்காகாது.

ஒரே பேக்கில் இரண்டு கருவிகளை ஓட்டி ஆடியோ கேபிளால் இணைத்தவுடன் சத்தம் வந்தால் அது கிரவுண்ட் லூப், அதாவது பவர் ஒயர், ஆடியோ கேபிள் இரண்டின் வழியாகவும் மைனஸ் இணைவதால் உண்டாகும் வளையம். மேலே சொன்ன இண்டக்டர், கெபாசிட்டர் ஃபில்டர் இதைத் தீர்க்காது. ஆளுக்கொரு பேக் கொடுங்கள், அல்லது ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். 1 வாட் ஐசொலேட்டட் கன்வர்ட்டர் (இன்புட்டும் அவுட்புட்டும் ஒயரால் இணையாதது) 9 வோல்ட்டில் 110 மில்லி ஆம்பியர்தான் தரும், பெடலுக்குச் சரி, சிந்தசைசருக்குப் போதாது.

பவர் ஆன் செய்யும்போது கருவி திரும்பத் திரும்ப ரீசெட் ஆனால், உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர் நிறையும் முதல் நொடி இழுப்பில் பி.எம்.எஸ்.ஸோ கன்வர்ட்டரோ அணைகிறது. அளந்த கரண்டைப் போல் இரு மடங்கு தாங்கும் மாட்யூல் போடுங்கள்.

மூன்று செல் பேக்கைச் சார்ஜ் செய்ய 12.6 வோல்ட் லித்தியம் சார்ஜர் வேண்டும். பி.எம்.எஸ். சார்ஜர் அல்ல, கடைசிக் காவல் மட்டுமே. 12 வோல்ட் சாதா அடாப்டரை அதில் செருகாதீர்கள். வாசித்துக்கொண்டே சார்ஜ் செய்வதும் வேண்டாம். கருவி இழுப்பதால் சார்ஜருக்கு பேட்டரி நிறைந்ததே தெரியாமல் போகும். பேக்கில் சிறிய வோல்ட் மீட்டர் ஒன்றைப் பதித்து, 10 வோல்ட்டைத் தொட்டதும் பேட்டர்ன்களைச் சேவ் செய்து அணைத்துவிடுங்கள். சேவ் ஓடும்போது பி.எம்.எஸ். வெட்டினால் அந்த மெமரி போனது போனதுதான்.