ஒரு பழைய ஆங்கிலச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடுவது எப்படி?

மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதும் பிள்ளைகளும் பல்கலைக்கழகப் பிள்ளைகளும் சொல் வரலாறு எழுத உட்கார்ந்தால், காதுக்கு ஒன்றுபோல் கேட்கும் இன்னொரு சொல்லைப் பிடித்து இதுதான் வேர் என்று முடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மலட்டுத்தன்மையைக் குறிக்கும் ‘பாரன்’ (barren) என்ற ஆங்கிலச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ‘வெறுமையான’ (bare) என்பதற்கும் ‘சுமத்தல், ஈனுதல்’ (bear) என்பதற்கும் ஆங்கிலத்தில் ‘பேர்’ என்றே உச்சரிப்பு, அதனால் இரண்டில் ஒன்று வேராகத்தான் இருக்கும் என்று தோன்றும். இரண்டுமே இல்லை.

முதலில் காலத்தைப் பாருங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சொற்பிறப்பு அகராதியைத் திறந்தால், ‘பாரன்’ சுமார் 1200இல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்ததாக இருக்கும், அதாவது 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்ததற்குப் பிறகு. அதற்கும் முன்னால் எங்கிருந்து வந்தது என்பது அறிஞர்களுக்கே தெளிவில்லை. நீங்களும் அப்படியே எழுதுங்கள், இட்டுக்கட்ட வேண்டாம். சரி, அதற்கு முன் ஆங்கிலேயர் என்ன சொன்னார்கள்? ‘உன்பெரெந்தெ’, ‘ஈனாத’ என்று அர்த்தம். ஈனுதலைக் குறிக்கும் அந்த ‘பேர்’ இந்தப் பழைய சொல்லுக்குத்தான் உறவு.

அப்புறம் வாக்கியங்களைத் தேடுங்கள். இதற்கு பைபிளைப் போல வசதி வேறில்லை, வசன எண் பெரும்பாலும் மாறாது என்பதால் ஒரே இடத்தை நூற்றாண்டு நூற்றாண்டாக ஒப்பிடலாம். ஆதியாகமம் 11:30ஐ எடுங்கள். 1380களின் விக்லிஃப் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஆபிராமின் மனைவி சாராய் ‘பரெய்ன்’ (bareyn), எழுத்துக்கூட்டலிலேயே பிரெஞ்சு வாடை அடிக்கும். 1611இன் கிங் ஜேம்ஸ் பைபிளில் ‘பாரன்’. வீட்டிலுள்ள தமிழ் பைபிளில் ‘மலடி’.

தமிழ்ப் பக்கத்துக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதி போதும். சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். ‘மலடன்’ என்ற சொல்லும் அதில் உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். பழி முழுக்கப் பெண்மேல் விழுந்து பழகிய சொல் ‘மலடு’ என்பதால், கட்டுரைக்காக அத்தைமாரிடம் போய் இதைப் பற்றிக் கேட்டு யார் மனதையும் நோகடிக்க வேண்டாம். நிலம், மரம், மாடு என்று எதற்கெல்லாம் பயன்பட்டது என்று கேளுங்கள், தாராளமாகச் சொல்வார்கள்.

அச்சு அகராதி வேண்டுமென்றால், கோலாலம்பூரில் இருப்பவர்கள் ஜாலான் துன் ரசாக்கிலுள்ள தேசிய நூலகத்தில் விசாரியுங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956இலிருந்தே இருக்கிறது. அங்கே படிக்கும் அண்ணன், அக்கா யாராவது தெரிந்தால் நூலகத்தில் என்ன கிடைக்கும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.