வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரைக்குச் சான்று சேர்க்கும் முறை

‘இக்கட்டுரைக்கு மேலதிக மேற்கோள்கள் தேவை’ என்ற அறிவிப்பைத் தலையில் சுமந்தபடி ஆண்டுக்கணக்கில் கிடக்கும் வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரைகள் விக்கிப்பீடியாவில் ஏராளம். அவற்றைச் சீர்செய்ய முன்வருபவர்களில் பலர், கட்டுரையில் உள்ள வாக்கியத்தைத் தேடுபொறியில் இட்டு, அதையே சொல்லும் ஏதேனும் ஒரு பக்கம் கண்ணில் பட்டதும் அதன் முகவரியை அடிக்குறிப்பாக ஒட்டிவிடுகிறார்கள். அப்படிக் கிடைக்கும் பக்கம் அதே கட்டுரையைப் பார்த்து எழுதப்பட்டதாகவும் இருக்கலாம் என்பதால், இது சான்று சேர்ப்பதாகாது.

2009 பிப்ரவரியில் கார்ல்-தியோடர் சூ குட்டன்பெர்க் ஜெர்மனியின் பொருளாதார அமைச்சரானபோது, ஏற்கெனவே நீளமான அவருடைய முழுப்பெயரில் ‘வில்ஹெல்ம்’ என்ற இல்லாத பெயர் ஒன்றை யாரோ ஜெர்மன் விக்கிப்பீடியாவில் நுழைத்தார். ஊடகங்கள் சில அதைச் சரிபார்க்காமல் வெளியிட்டன. பிறகு அந்தச் செய்தியே அப்பெயருக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. இத்தகைய சுழலில் சிக்காதிருக்க, ஐயத்துக்குரிய தகவல் எந்த நாளில் கட்டுரைக்குள் வந்தது என்பதை முதலில் பக்க வரலாற்றில் (கட்டுரையில் செய்யப்பட்ட ஒவ்வொரு மாற்றமும் நாளோடு பதிவாகியிருக்கும் பட்டியலில்) பாருங்கள். நீங்கள் கண்டெடுத்த சான்று அந்த நாளுக்குப் பிந்தியதாகவும், சொல்லுக்குச் சொல் கட்டுரையோடு ஒத்ததாகவும் இருந்தால், அதைச் சேர்க்காதீர்கள்.

சரியான வரிசை, வாக்கியத்தை வைத்துக்கொண்டு சான்று தேடும் அந்த வழக்கத்துக்கு நேர்மாறானது. கட்டுரையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த மனிதரைப் பற்றிப் பிறர் எழுதியவற்றுள் தரமான மூன்று நான்கையேனும் முழுமையாகப் படியுங்கள். பதிப்பகம் வழியாக வெளிவந்த வாழ்க்கை வரலாறு, ஆய்விதழ்க் கட்டுரை, ஆசிரியர் குழு உள்ள நாளிதழில் வந்த மறைவுச் செய்தி ஆகியவை இதற்கு ஏற்றவை. எழுதியவர் அந்த மனிதரோ, அவருடைய குடும்பத்தாரோ, அவருக்கு ஊதியம் தந்த நிறுவனமோ அல்ல என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். தன்வரலாறு, நேர்காணல், சொந்த வலைத்தளம் போன்றவற்றை அறவே தள்ள வேண்டியதில்லை. பிறந்த ஊர், படித்த பாடம் போன்ற சச்சரவற்ற விவரங்களுக்கு அவை போதும். ‘இத்துறையில் முதன்முதலாக’ என்ற பெருமைக்கு அவை போதா.

இனி வாக்கியங்களுக்கு வரலாம். ‘அவர் 1951-இல் பட்டம் பெற்று, ஆசிரியராகப் பணியாற்றி, பல நூல்களை எழுதி, மக்களின் பேரன்பைப் பெற்ற மாபெரும் அறிஞராகத் திகழ்ந்தார்’ என்று ஒரு வாக்கியம் இருப்பதாகவும், அதன் முடிவில் ஒரே ஓர் அடிக்குறிப்பு இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். அடிக்குறிப்பு சுட்டும் மறைவுச் செய்தியைத் திறந்தால், பட்டம் பெற்ற ஆண்டும் ஆசிரியப் பணியும் மட்டுமே அதில் காணப்படுகின்றன. ஆகவே வாக்கியத்தை உடைத்து, அந்த இரண்டு செய்திகளுக்கு அடுத்தே அடிக்குறிப்பை நகர்த்த வேண்டும். ‘பல நூல்கள்’ என்பதற்குப் பதிலாக, நூலகப் பட்டியலைப் பார்த்துத் தலைப்பும் பதிப்பாண்டும் தர வேண்டும். ‘மாபெரும் அறிஞர்’ என்பது, திறனாய்வாளர் ஒருவர் எழுதியிருந்தால் அவர் பெயரோடு அவர் கருத்தாக நிற்கலாம். இல்லாவிட்டால் நீங்க வேண்டியதுதான். வாக்கியம் இப்போது முன்னிலும் சிறியதாகிவிடும். கட்டுரையின் நீளம் குறைவதைக் கண்டு தயங்குபவர்கள் உண்டு. எனக்கு அது வேலை நடப்பதன் அடையாளமாகவே படுகிறது.

நாள்களில் தனிக் கவனம் தேவை. 1990 மார்ச்சில் ஒருவர் 78 வயதில் காலமானார் என்று செய்தி இருந்தால், அவர் 1911-இலும் பிறந்திருக்கலாம், 1912-இலும் பிறந்திருக்கலாம். கழித்துக் கிடைத்த ஓர் ஆண்டை உறுதியான பிறந்த ஆண்டாக எழுதிவிடக் கூடாது. நம்பத்தக்க இரு சான்றுகள் முரண்பட்டால், இரண்டையும் குறித்து, எது எங்கே சொல்லப்பட்டுள்ளது என்பதை அடிக்குறிப்பில் காட்டினால் போதும்.

உயிரோடு இருப்பவரைப் பற்றிய கட்டுரையில் பொறுமைக்கு இடமில்லை. அமெரிக்க இதழாளர் ஜான் சீகன்தாலரைக் கென்னடி சகோதரர்களின் கொலைகளோடு தொடர்புபடுத்திய பொய் ஒன்று 2005-இல் நான்கு மாதங்களுக்கு மேலாக அவரைப் பற்றிய கட்டுரையில் நீக்கப்படாமல் இருந்தது. வாழும் நபர்கள் குறித்த கடுமையான விதிகள் அதன் பிறகே உருப்பெற்றன. ஒருவரின் பெயருக்கு ஊறு விளைவிக்கும் கூற்றுக்குச் சான்று இல்லையெனில், ‘மேற்கோள் தேவை’ என்று குறியிட்டுக் காத்திராமல் உடனே நீக்குங்கள். வீட்டு முகவரி, குழந்தைகளின் பெயர்கள் போன்றவை எங்கோ பதிவாகியிருப்பதாலேயே கட்டுரைக்கு உரியவை ஆகிவிடுவதில்லை. அந்த மனிதர் உங்களுக்கு வேண்டியவராக இருந்தால், நேரடியாகத் தொகுக்காமல், உங்கள் தொடர்பைத் தெரிவித்து, வேண்டிய மாற்றத்தை, கட்டுரையைப் பற்றித் தொகுப்பவர்கள் கலந்துபேசும் பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள்.

அடிக்குறிப்பில் வெறும் இணைய முகவரியை மட்டும் இட்டால், அந்தப் பக்கம் மறைந்ததும் சான்றும் மறைந்துவிடும். எழுதியவர், தலைப்பு, இதழின் பெயர், நாள் ஆகியவற்றை நிரப்பி, இணையப் பக்கங்களின் படிகளைக் காத்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் ஒரு படியைச் சேமித்து, அதன் இணைப்பையும் சேருங்கள். சேமித்த படியில் உரை உண்மையாகவே தெரிகிறதா என்று ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது. நூலுக்குப் பதிப்பும் பக்க எண்ணும் இன்றியமையாதவை. பிறமொழிக் கட்டுரையை மொழிபெயர்த்து எழுதும்போது அதிலுள்ள அடிக்குறிப்புகளைக் கண்ணால் பாராமலேயே கொண்டுவந்து சேர்க்கும் பழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. நீங்கள் படிக்காத நூலின் 214-ஆம் பக்கத்தை வாசகருக்குச் சுட்டிக்காட்டுவது, பார்க்காததற்குச் சாட்சி சொல்வதைப் போன்றது.

முக்கிய விவரங்களைச் சுருக்கித் தரும் ஓரப் பெட்டியான தகவற்பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு விவரமும் கட்டுரையின் உடலிலும் சான்றோடு இருக்கிறதா என்று பாருங்கள். பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். நீக்கியவற்றையும் அதற்கான காரணங்களையும் பேச்சுப் பக்கத்தில் குறித்து வைத்தால், அடுத்து வருபவர் அதே வாக்கியத்தை மீண்டும் சேர்க்கும் முன் ஒரு கணம் யோசிப்பார். எல்லாம் முடிந்த பிறகு, கட்டுரையின் தலையில் உள்ள அந்தப் பழைய அறிவிப்பை எடுத்துவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும் கவனமாகச் செய்தவர்கள்கூட மறப்பது அதைத்தான்.