வாளா, வலைக்கோலா? ரெயூனியன்ல புதுசா ஒரு விளையாட்டு எடுக்கிறவங்களுக்கு

நாப்பது தாண்டினதும் எனக்கு வாள்வீச்சு மேல ஆசை வந்துச்சு, அதே நேரம் பொண்ணு லாக்ராஸ், அதாவது நுனியில வலை கட்டின கோலால பந்தை எறிஞ்சு பிடிச்சு ஆடுற விளையாட்டு, அந்த வீடியோவா பாத்துக்கிட்டு அதுதான் வேணும்னு நின்னா, ரெண்டுலயும் கொஞ்சம் கொஞ்சம் இறங்கிப் பாத்தோம். பிரெஞ்சுத் தீவான இந்த ரெயூனியனோட தலைநகர் சேன் தெனில நம்ம ஆளுங்க சிலர் எத எடுக்கலாம்னு இதையே கேக்கிறாங்க, அதான் எழுதுறேன்.

மொதல்ல உங்களையே ஒண்ணு கேட்டுக்கோங்க. தப்பு பண்ணா அது முழுக்க உங்க தப்பா இருக்கிறது உங்களுக்கு ஓகேவா, இல்ல பக்கத்துல நாலு பேரு ஓடி வந்து தாங்கிப் பிடிக்கணுமா? வாள்வீச்சுல 14 மீட்டர் நீளம், ரெண்டு மீட்டருக்குள்ள அகலம், அந்தப் பாதையில நீங்களும் எதிராளியும் மட்டும்தான், மாத்தி விட ஆள் கிடையாது. லாக்ராஸ்ல பந்தை வச்சிக்கிட்டே நின்னா பிடுங்கிடுவாங்க, குடுத்து வாங்கி ஓடணும். ஹேண்ட்பால் ஆடினவங்களுக்கு அந்த ஓட்டம் சட்டுன்னு பிடிபடும், ஹேண்ட்பால் நட்சத்திரங்கள் ஜாக்சன் ரிச்சர்ட்சனும் டானியல் நார்சிஸும் பொறந்த தீவுல அப்படி ஆடினவங்களுக்குப் பஞ்சமே இல்ல.

வாள்வீச்சுன்னு முடிவு பண்ணா அடுத்து எந்த வாள்னு ஒரு கேள்வி இருக்கு, இங்கதான் நிறைய பேரு யோசிக்காம பேரு குடுத்துடுறாங்க. ஃப்ளூரே, அதாவது ஃபாயில், லேசான வாள், 500 கிராமுக்குள்ள, முனையால உடம்போட நடுப்பகுதியில மட்டும் குத்தணும், கையும் காலும் கணக்குல வராது. எப்பே கொஞ்சம் கனம், 770 கிராம் வரைக்கும் போகலாம், உச்சந்தலையில இருந்து கால் கட்டைவிரல் வரைக்கும் எங்க பட்டாலும் பாயிண்ட், வினாடியில இருபத்தஞ்சுல ஒரு பங்கு நேரத்துக்குள்ள ரெண்டு பேரும் தொட்டுட்டா ரெண்டு பேருக்கும் பாயிண்ட். சேபர்ல இடுப்புக்கு மேல, குத்தலாம், வெட்டவும் செய்யலாம், படு வேகம். ஃபாயில்லயும் சேபர்லயும் தாக்குற உரிமை யார்கிட்ட இருந்துச்சுன்னு நடுவர் பாத்துதான் பாயிண்ட் குடுப்பாரு, அது புரியவே சில மாசம் ஆகும். அதனால பெரியவங்களா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் எப்பேதான் சொல்வேன், வாள் தொட்டு உங்க பக்கத்து லைட் எரிஞ்சா பாயிண்ட், அவ்வளவுதான். கரீபியன்ல இருக்கிற பிரெஞ்சுத் தீவு குவாதலூப்ல பொறந்த வீராங்கனை லோரா ஃப்ளெசெல் 1996 அட்லாண்டாவுல தனிநபர், அணி ரெண்டு தங்கமும் வாங்கினது எப்பேலதான், பெண்கள் எப்பே ஒலிம்பிக்ஸுக்கு வந்ததே அந்த வருஷம்தான். நம்மள மாதிரி ஒரு தீவுல பொறந்தவங்க அவங்க, என் பொண்ணுகிட்ட இத திரும்பத் திரும்ப சொல்லிருக்கேன்.

சேபர்னா சென்னை பவானி தேவி ஞாபகம் வரும், 2021ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல இந்தியாவுக்காக இறங்கின முதல் வாள்வீச்சு வீராங்கனை. ஊர்ல சிலம்பம் கத்தவங்க இதுக்குத்தான் ஆசைப்படுவாங்க, கால்வரிசை கண்டிப்பா கைகுடுக்கும், ஆனா கம்பு சுத்தின கை பெரிசா வீசும், இங்க பெரும்பாலும் விரலும் மணிக்கட்டும்தான் வேலை செய்யணும், அந்தப் பழக்கத்த விடுறது நிஜமாவே கஷ்டம்.

முதல் மூணு கிளாஸ் தொடை பிச்சிக்கும், தடிச்ச ஜாக்கெட்டுக்குள்ள ஜனவரி வெயிலுக்கு வேர்த்துக் கொட்டும். தீமிதி, காவடி விரதம் இருக்கிற நாள்ல மாஸ்டர்கிட்ட சொல்லிட்டு பயிற்சிய குறைச்சுக்கோங்க. எடுத்த எடுப்புல எதையும் வாங்காதீங்க, புதுசா வர்றவங்களுக்கு மாஸ்க்கும் ஜாக்கெட்டும் பெரும்பாலும் கிளப்லயே இருக்கும். வாங்கினா கையுறை மட்டும் வாங்குங்க, வாள் பிடிக்கிற கைக்கு மட்டும்தான் அது, என் பொண்ணு இடதுகைக்காரி, நான் யோசிக்காம வலதுகைக்கு ஆர்டர் பண்ணிட்டேன், கடைக்காரங்க திருப்பியும் எடுக்கல. இடதுகைக்காரங்களா இருந்தா சந்தோஷப்படுங்க, எதிராளிக்கு அந்தக் கோணம் பெரும்பாலும் அவ்வளவா பழகியிருக்காது.

இப்ப லாக்ராஸ். பேரே பிரெஞ்சுதான், லா க்ராஸ், வளைஞ்ச கோல்னு அர்த்தம், ஆனா விளையாட்டு வட அமெரிக்கப் பூர்வகுடிகளோடது, ஹோடெனோசோனி மக்கள் இப்பவும் சொந்தக் கொடியோட உலகப் போட்டியில ஆடுறாங்க. 1904லயும் 1908லயும் ஒலிம்பிக்ஸ்ல பதக்க விளையாட்டா இருந்துச்சு, 2028 லாஸ் ஏஞ்சலஸ்ல சிக்ஸஸ் வடிவத்துல திரும்ப வருது, பக்கத்துக்கு ஆறு பேரு, எட்டு நிமிஷமா நாலு பகுதி.

இதுல சிக்கல் என்னன்னா தனியா மேட்ச் ஆட முடியாது, ஆள் சேக்கணும், கத்துக்குடுக்க ஆள் வேணும். ஆனா ஆரம்பிக்கிறது ரொம்ப சுலபம், ரெண்டு வலைக்கோல், ஒரு பந்து, ஒரு சுவர் போதும். சுவர்ல எறிஞ்சு வலையில வாங்குங்க, வலதுகையில அம்பது, இடதுகையில அம்பது, தினமும். அப்புறம் பந்தை வலையில வச்சபடி ஓடப் பழகுங்க, மணிக்கட்டால கோலை லேசா ஆட்டிக்கிட்டே இருந்தா பந்து விழாது, தூங்குற குழந்தைய தொட்டில்ல ஆட்டுற அதே பக்குவம். நிஜப் பந்து கெட்டி ரப்பர், 140 கிராமுக்கு மேல, கிரிக்கெட் பந்தைவிட கொஞ்சம்தான் லேசு, மூஞ்சில பட்டா விளையாட்டு இல்ல, அதனால பிள்ளைங்களோடன்னா டென்னிஸ் பந்துல ஆரம்பிங்க. ஆண்கள் ஆட்டத்துல உடம்பால இடிக்கலாம், ஹெல்மெட், கையுறை, தோள் காப்பு எல்லாம் வேணும், பெண்கள் ஆட்டத்துல அந்த மோதல் கிடையாது, கண் காப்பும் பல் காப்பும் முக்கியம்.

என்னோட தீர்ப்பு கேட்டா, இந்தத் தீவுல இருக்கிறவரைக்கும் முதல் வருஷம் வாள்வீச்சு. ஹால் இருக்கு, மாஸ்டர் இருக்காரு, புயல் மழை காலத்துல மைதானம் சேறானாலும் கூரைக்குள்ள கிளாஸ் நடக்கும், 'ஆன் கார்த்' (தயாரா நில்லு), 'அலே' (ஆரம்பி)ன்னு உலகம் முழுக்க பிரெஞ்சுலதான் கூப்பிடுறாங்க, நம்ம பிள்ளைங்களுக்கு அது புதுசு இல்ல. கூட நாலு நண்பர்கள் கேரண்டியா வருவாங்கன்னா மட்டும் லாக்ராஸ் கோல் வாங்குங்க. நாங்க ரெண்டையும் வச்சிருக்கோம், செவ்வாய் வியாழன் வாள், ஞாயித்துக்கிழமை காலைல வெயில் ஏறுறதுக்குள்ள சுவரும் பந்தும்.

ஸ்கூல் திறந்து செப்டம்பர்லதான் கிளப்புங்க புது ஆளுங்கள சேப்பாங்க, காசு கட்டுறதுக்கு முன்னாடி ஒரு ட்ரையல் கிளாஸ் கேளுங்க. முழுநீள டிராக் பேண்ட், முழங்கால் வரைக்கும் சாக்ஸ், ரெண்டு பாட்டில் தண்ணி எடுத்துட்டுப் போங்க.